மழையில் நின்ற கிழவர்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், ஸ்டாபர்ட்ஷயர் ஜில்லாவில், யுடாக்ஸிடர் என்று ஒரு சந்தை ஊர் இருக்கிறது. 1780-ஐ ஒட்டி ஒரு சந்தை நாளன்று அங்கே ஒரு கிழவர் வண்டியிலிருந்து இறங்கினார். பருத்த உடம்பு, பார்வை மங்கல், சிறு வயதில் வந்த கண்டமாலையின் தழும்புகள் முகத்திலும் கழுத்திலும். நல்ல மழை. கிழவர் சந்தையில் ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தேடிப் போய், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒன்றும் வாங்கவில்லை. யாரோடும் பேசவில்லை. சந்தைக்கு வந்தவர்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். வெகு நேரம் நனைந்துகொண்டு நின்றுவிட்டு, வந்த வழியே போய்விட்டார்.

அவர் டாக்டர் ஸாமுவேல் ஜான்ஸன். 1755-ல் ஆங்கில மொழிக்குப் பெரிய அகராதி செய்து கொடுத்தவர். மன்னர் மூன்றாம் ஜார்ஜ் நூல்நிலையத்துக்கு வந்து பேசிவிட்டுப் போகிற அளவுக்குப் பெயர் பெற்றவர். அவர் நின்ற இடம், ஐம்பது வருஷங்களுக்கு முன்னால் அவர் தகப்பனார் மைக்கேல் ஜான்ஸன் புஸ்தகக் கடை விரித்த இடம். மைக்கேலுக்கு லிச்பீல்ட் நகரில் சொந்தக் கடை உண்டு. சந்தை நாட்களில் வெளியூர்களுக்கும் புஸ்தகங்களைக் கட்டி எடுத்துக்கொண்டு போவார். ஒரு நாள் உடம்பு சரியில்லை. தமக்குப் பதிலாக யுடாக்ஸிடர் போய்க் கடையைப் பார்த்துக்கொள்ளும்படி மகனைக் கேட்டார். மகன் மாட்டேன் என்றான். கர்வந்தான் காரணம் என்று மகனே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். 1731 டிசம்பரில் தகப்பனார் இறந்துபோனார். அவர் வைத்துவிட்டுப் போனதில் மகன் பங்குக்குக் கிடைத்தது 20 பவுன்.

மேலே நான் சொன்னது இரண்டு பேர் எழுதி வைத்ததைக் கலந்து சொன்னது. மழையும் வெறுந்தலையும் பாஸ்வெல் தருவது. 1784-ல், சாவதற்குச் சில மாதங்களுக்கு முன் லிச்பீல்டுக்குப் போயிருந்த ஜான்ஸன் அங்கே ஓர் இளம் பாதிரியாரிடம் சொன்னதாக அவர் எழுதுகிறார். தகப்பனாரின் வியாதி, சுற்றி நின்றவர்களின் சிரிப்பு முதலியன இன்னொருவர் எழுதிய நீண்ட வடிவத்தில் வருகின்றன. பாஸ்வெல் சொல்வதையே நான் அதிகம் நம்புகிறேன். ஆனால் அந்தச் சிரிப்பை விட்டுவிடவும் மனசு வரவில்லை.

கல்லூரியில் இதை முதன்முதலாகப் படித்தபோது கிழவர் செய்தது கொஞ்சம் நாடகம் என்றே எனக்குப் பட்டது. செத்துப்போன தகப்பனுக்கு மழையில் நிற்பதால் என்ன லாபம்? இருபது வயதில் நமக்கெல்லாம் தகப்பனார்கள் உயிரோடு இருக்கிறார்கள்; அப்படித்தான் தோன்றும். வெகு நாளைக்குப் பிறகு ஜான்ஸனின் ‘பிரார்த்தனைகளும் தியானங்களும்’ என்ற சிறு புஸ்தகம் கைக்கு வந்தது. அதை வாசித்த பின்புதான் யுடாக்ஸிடர் எனக்குப் புரிந்தது.

அந்தப் புஸ்தகம் அவர் அச்சுக்கென்று எழுதியது அல்ல. புது வருஷப் பிறப்பு, மனைவி இறந்த நாள், பெரிய வெள்ளி, ஈஸ்டர், தம் பிறந்த நாளான செப்டம்பர் 18 ஆகிய தினங்களில் தனியே உட்கார்ந்து கடவுளிடம் பேசிய பேச்சு. சாகும் தறுவாயில் அந்தக் காகிதங்களை ஜார்ஜ் ஸ்ட்ராஹன் என்ற பாதிரியாரிடம் கொடுத்தார். 1785-ல் அவை பிரசுரமாயின. படித்த பலருக்குத் தர்மசங்கடமாகப் போய்விட்டது. இங்கிலாந்தையே அதட்டிப் பேசிய மனிதர், காலையில் எழுந்திருக்க முடியவில்லையே என்று கடவுளிடம் முறையிட்டுக்கொண்டிருக்கிறார்!

வாஸ்தவத்தில் அந்தப் புஸ்தகத்தில் அடிக்கடி வரும் தீர்மானம் அதுதான்: சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும். பிறகு வேதத்தை ஒழுங்காக வாசிப்பது, தினக் குறிப்பு எழுதுவது, சோம்பலை விடுவது, தவறாமல் கோவிலுக்குப் போவது. ஒரு ஈஸ்டரன்று எட்டு மணிக்கு எழுவதாக முடிவு செய்கிறார்; எட்டு மணி சீக்கிரம் இல்லைதான், ஆனால் மத்தியானம் இரண்டு மணிவரை படுத்துக் கிடப்பதற்கு இது தேவலை என்று தமக்குத் தாமே சமாதானமும் சொல்லிக்கொள்கிறார். அடுத்த ஈஸ்டருக்குத் திருப்பிப் பார்த்தால் ஒன்றும் நடந்திருக்காது. மறுபடியும் அதே பட்டியல். 1764-ல் ஐம்பத்தைந்தாவது பிறந்த நாளன்று, நினைவு தெரிந்த காலத்திலிருந்து நல்ல வாழ்க்கைக்குத் திட்டம் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன், செய்தது ஒன்றுமில்லை என்கிற கருத்தில் எழுதுகிறார்.

இது வெறும் சோம்பேறியின் புலம்பல் என்று தள்ளிவிட முடியாது. ஆக்ஸ்போர்டில் மாணவராக இருந்தபோது வில்லியம் லா என்பவரின் புஸ்தகம் ஒன்று அவர் கையில் கிடைத்தது. 1729-ல் வந்த அந்தப் புஸ்தகத்தின் பெயரை, பக்தியும் தூய்மையும் உள்ள வாழ்வுக்கு விடுக்கும் கண்டிப்பான அழைப்பு என்று சொல்லலாம். சாதாரண பக்திப் புஸ்தகம், வாசித்துச் சிரிக்கலாம் என்று எடுத்தாராம்; லா அவரை மடக்கிவிட்டார். அன்றிலிருந்துதான் மதத்தைப் பற்றி உண்மையாக யோசிக்க ஆரம்பித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். லா எழுப்பும் கேள்வி பொல்லாதது. கிறிஸ்தவர்கள் ஏன் கிறிஸ்தவர்களாக வாழ்வதில்லை? சக்தி இல்லாததால் அல்ல, அறியாமையாலும் அல்ல; அப்படி வாழ வேண்டுமென்று அவர்கள் மனப்பூர்வமாக எண்ணவே இல்லை, அதனால்தான் என்கிறார் லா. இதை இருபது வயதில் ஒரு பையன் நம்பிவிட்டால் பிறகு அவன் பாடு எப்படி இருக்கும்? தீர்மானம் தவறும்போதெல்லாம், செய்யாமல் போனோமே என்பதோடு நிற்காது. அந்த எண்ணமே பொய்யோ என்ற சந்தேகமும் பிடித்துக்கொள்ளும். நல்லெண்ணங்களைக் கொண்டு நரகத்துக்குத் தளம் போடுகிறார்கள் என்கிற மாதிரிப் பழமொழி ஒன்று ஆங்கிலத்தில் உண்டு. அதை ஜான்ஸன் ஒரு நண்பரிடம் சொன்னதாக பாஸ்வெல் குறித்திருக்கிறார். மற்றவர்கள் வாயில் அது வேடிக்கைப் பேச்சு. நரகத்தை நிஜமாக நம்பிப் பயந்த மனிதர் வாயில் அப்படி இருந்திருக்க முடியாது.

தகப்பனாரைப் பற்றி ஜான்ஸன் சொன்ன ஒரு விஷயம் இங்கே ஞாபகம் வருகிறது. மைக்கேல் புஸ்தக வியாபாரத்தோடு தோல் காகிதம் செய்யும் பட்டறையும் வைத்திருந்தார். பணமில்லாமல் பட்டறை இடிந்து, பின்பக்கம் திறந்தே கிடந்தது. யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். மைக்கேல் மட்டும் தினம் இரவு முன்கதவைப் பத்திரமாகப் பூட்டிக்கொண்டு வருவாராம். பிள்ளையின் ஈஸ்டர் தீர்மானங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பூட்டுத்தான் கண்ணில் தெரிகிறது.

தாயார் விஷயத்துக்கு வருகிறேன். ஸாரா ஜான்ஸனுக்கு நாற்பது வயதில் பிறந்த மூத்த பிள்ளை ஸாமுவேல். குழந்தைக்குக் கண்டமாலை, ராணி கையால் தொட்டால் தீரும் என்ற நம்பிக்கையில் 1712-ல் அவள் அவனை லண்டனுக்குத் தூக்கிக்கொண்டு போய் ஆன் ராணி முன் நிறுத்தினாள். கணவர் போய், 1737-ல் இளைய மகன் நதானியேலும் இறந்த பிறகு, லிச்பீல்ட் கடையை அவள்தான் பார்த்து வந்தாள். 1739-ன் கடைசியில் மகன் ஊருக்கு வந்தார். 1740 ஆரம்பத்தில் வீட்டை 80 பவுனுக்கு அடகு வைத்தார்கள். அவர் லண்டன் திரும்பினார். வட்டி நின்றுபோனபோது, 1743-ல், அந்தக் கடனைத் தாம் ஏற்றுக்கொள்வதாக எழுதினார். பணம் அனுப்பினார். கடிதம் எழுதினார். போகவில்லை. லண்டனுக்கும் லிச்பீல்டுக்கும் சுமார் 120 மைல்.

அகராதி முடிந்ததும் போகலாம் என்று இருந்தார். அகராதி மூன்று வருஷத்தில் முடிவதாக இருந்தது. ஒன்பது வருஷம் பிடித்தது. பிறகு ஷேக்ஸ்பியர் பதிப்பு. பத்தொன்பது வருஷங்கள் இப்படியே ஓடிவிட்டன. 1759 ஜனவரியில் தாயார் கிடையில் விழுந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அவளுக்கு எண்பத்தொன்பது வயது. 13-ந் தேதி 12 கினி அனுப்புகிறார். அதில் ஆறு, பக்கத்திலிருந்த அச்சுக்கூடக்காரரிடம் வாங்கிய கடன் போலத் தெரிகிறது. ஒரு வாரத்துக்குள் கடிதத்தின் மேல் கடிதம். 20-ந் தேதி எழுதியது கடைசி. உலகத்திலேயே நல்ல தாய் நீ என்று சொல்லி, தாம் தவறாகச் செய்ததற்கெல்லாமும், செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதற்கெல்லாமும் மன்னிப்புக் கேட்கிறார். 23-ந் தேதி தாயாரை அடக்கம் செய்தார்கள். அவர் போகவில்லை.

அடக்கச் செலவுக்கும் அவள் வைத்த சில்லறைக் கடன்களுக்கும் பணம் வேண்டும். ஒரே வாரத்தின் மாலை வேளைகளில் உட்கார்ந்து ஒரு நாவல் எழுதினார். அதுதான் ‘ராஸலஸ்’. முதல் பதிப்புக்கு 100 பவுன் கிடைத்தது. ஏழு மாலைகளில் ஒரு நாவல்! நாவல் எழுதிப் பிழைக்கிறவனுக்குத்தான் இதன் வயிற்றெரிச்சல் தெரியும். ஆனால் எனக்குப் பொறாமையைவிட வேறொன்றுதான் உறைக்கிறது. ஒரு வாரம் ஒழுங்காக உட்கார்ந்தால் இந்த மனிதரால் எதையும் செய்ய முடியும். பத்தொன்பது வருஷத்தில் அப்படி ஒரு வாரம் லிச்பீல்டுக்கு வாய்க்கவில்லை. வேலை, பணமுடை என்றெல்லாம் காரணம் சொல்லலாம். நான் நினைப்பது இது: ஒரு வருஷம் போகாதவன் அடுத்த வருஷம் போய்விடலாம், ஐந்து வருஷம் போகாதவனுக்கு அந்த வாசற்படியில் கால் வைக்கப் பயம் வந்துவிடுகிறது. தாமதம் என்பது அன்பில்லாததால் மட்டும் வருவதல்ல. வெட்கம் அதைவிடப் பெரிய முட்டுக்கட்டை.

மனைவி விஷயமும் ஏறக்குறைய இப்படித்தான். 1735-ல் கல்யாணம். அவருக்கு இருபத்தைந்து, எலிஸபெத்துக்கு நாற்பத்தாறு. பர்மிங்ஹாமில் துணி வியாபாரம் செய்தவரின் விதவை. டெட்டி என்று கூப்பிடுவார். அவள் கொண்டுவந்த பணத்தில் ஒரு பள்ளிக்கூடம் வைத்தார், மாணவர்கள் சேரவில்லை. 1737-ல் பிழைப்புத் தேடி லண்டனுக்குப் போனார். அங்கே வறுமை. கடைசி வருஷங்களில் அவள் படுக்கையும் மதுவுமாக இருந்ததாக அவருடைய நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். அகராதி வெளிவருவதற்கு மூன்று வருஷம் முன்பு, 1752 மார்ச்சில், இறந்தாள். நல்ல நாள் வந்ததும் அவளை நன்றாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு நிச்சயம் இருந்திருக்கும். நல்ல நாள் வந்தது. அரசாங்கம் வருஷத்துக்கு 300 பவுன் மானியம் கொடுத்தது, 1762-ல்.

அவளுடைய கல்யாண மோதிரத்தை ஒரு சிறிய உருண்டையான மரப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றினார். வருஷா வருஷம் அவள் இறந்த தினத்தில் பிரார்த்தனை. அவள் இறந்த மறுவருஷ ஈஸ்டர்க் குறிப்பு ஒன்றை பாஸ்வெல் திருட்டுத்தனமாகப் பிரதி எடுத்து வைத்திருந்தார். இருபதாம் நூற்றாண்டில்தான் அது வெளியே வந்தது. திங்கட்கிழமை முதல் வேறொரு மனைவி தேட முயலப் போவதாக, டெட்டியின் நினைவுக்குக் குறைவு வராதபடி, அதில் ஒரு தீர்மானம்! அதுவும் மற்றத் தீர்மானங்களைப் போலவே ஆயிற்று. இதைப் பற்றி மட்டும் நான் வருத்தப்படவில்லை.

இனி வீட்டைப் பார்க்கலாம். குழந்தை குட்டி கிடையாது. ஆனால் வீடு நிறைய ஆட்கள். டெட்டியின் சிநேகிதி அன்னா வில்லியம்ஸ் கண் அறுவை சிகிச்சைக்காக வந்தவள்; சிகிச்சை பலிக்காமல் முழுக் குருடியாகி, 1783-ல் சாகும்வரை அவருடைய ஆதரவிலேயே இருந்தாள். ஏழைகளுக்கு மருந்து கொடுத்துத் திரிந்த லெவட். ஞானத் தகப்பனாரின் மகளான டெமுலின் அம்மாள். ஜமெய்க்காவில் அடிமையாகப் பிறந்த பிரான்ஸிஸ் பார்பர், டெட்டி இறந்து இரண்டு வாரத்துக்குள் பத்து வயசுப் பையனாக வந்தவன். இவர்களில் ஒருவருக்கொருவர் ஆகாது. சாப்பாட்டு மேஜையில் தினம் சண்டை. ஜான்ஸன் கடிதங்களில் இதை வேடிக்கையாகச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார். ஒருவரையும் வெளியே அனுப்பவில்லை.

சில வருஷங்கள் அன்னா வில்லியம்ஸ் தனி ஜாகையில் இருந்தாள். அப்போது எவ்வளவு நேரமானாலும், விருந்து எங்கே நடந்தாலும், அவளுடன் தேநீர் குடிக்காமல் ஜான்ஸன் தம் இருப்பிடம் திரும்புவதில்லை. அவள் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஹாட்ஜ் என்று ஒரு பூனை. அதற்குச் சிப்பி வாங்க அவரே கடைக்குப் போவார். வேலைக்காரர்களை அனுப்பினால், பூனையின் பொருட்டு அலைகிறோமே என்று அவர்களுக்கு அதன்மேல் வெறுப்பு வந்துவிடுமாம். பிரான்ஸிஸைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துப் படிக்க வைத்தார். அவன் ஓடிப்போய்க் கடற்படையில் சேர்ந்தபோது ஆள் பிடித்து விடுதலை வாங்கினார். பின்னால், அவனோடு சேர்ந்து ஜபம் செய்வது வழக்கமாகிவிட்டதென்று டயரியில் எழுதுகிறார். பரமண்டல ஜபத்துக்கு அவனுக்கு அர்த்தமும் சொல்லிக் கொடுத்தார்.

இவற்றில் எதையாவது தீர்மானமாக எழுதி வைத்தாரா என்று தேடிப் பார்த்தேன். தேநீரும் சிப்பியும் எந்த ஈஸ்டர்ப் பட்டியலிலும் என் கண்ணில் படவில்லை. எழுதி வைத்தவை நடக்கவில்லை. நடந்தவற்றை எழுதி வைக்கவில்லை. எட்டு மணிக்கு எழுந்திருக்க முடியாதவர், இரவு எத்தனை மணியானாலும் குருட்டுப் பெண் காத்திருப்பாள் என்பதை மறந்ததில்லை. பெற்றவளிடமும் கட்டியவளிடமும் நேரத்துக்குப் போய்ச் சேராத மனிதர், யார் யாரையோ வீட்டில் கூட்டி வைத்துக்கொண்டு, அவர்களிடம் நேரம் தவறாமல் இருந்து பார்த்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் இப்படிக் கணக்குப் போட்டுச் செய்தார் என்று நான் சொல்லவில்லை.

லிச்பீல்டுக்குப் பிற்பாடு அடிக்கடி போனார். தாயார் வீட்டில் 1724 முதல் வேலை செய்த காதரீன் சேம்பர்ஸ் 1767-ல் மரணப் படுக்கையில் இருந்தாள். தகப்பனார், தம்பி, தாயார் மூவரின் சாவின்போதும் கூட இருந்தவள் அவள். அந்தத் தடவை அவர் அங்கே இருந்தார். அறையிலிருந்த மற்றவர்களைப் போகச் சொல்லிவிட்டு, படுக்கையருகில் முழங்காலிட்டு அவளுக்காக ஜபம் செய்தார். அவள் கையை நீட்டினாள். இருவரும் முத்தமிட்டுப் பிரிந்ததையும், தம் கண் கலங்கியதையும் மறுநாள் எழுதி வைத்தார். வேலைக்காரியின் பக்கத்தில் நின்று அவர் யாரிடமெல்லாம் விடை பெற்றுக்கொண்டார் என்பதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

1775 பெரிய வெள்ளியன்று தம் தீர்மானங்களை மறுபடி எடுத்துப் பார்க்கிறார். வருஷம் வருஷமாகச் செய்து, வருஷம் வருஷமாக முறித்தவை. பின் ஏன் இன்னும் தீர்மானம் செய்கிறேன் என்று தம்மையே கேட்டுக்கொள்கிறார். திருந்தியாக வேண்டும், நம்பிக்கையை விடுவதோ பாவம் என்பது அவர் சொல்லும் பதிலின் சாரம். அதன் கீழேயே, ஈஸ்டர் முதல் எட்டு மணிக்கு எழுந்திருப்பதென்று முடிவு. அப்போது வயது அறுபத்தைந்து.

யுடாக்ஸிடர் இதற்குச் சில வருஷங்கள் பின்னால். இப்போது நான் அதை நாடகம் என்று சொல்லமாட்டேன். சந்தைக்குப் போ என்று தகப்பனார் சொன்னார். பிள்ளை போய்விட்டு வந்தார். ஐம்பது வருஷம் தாமதம், அவ்வளவுதான். அமெரிக்க நாவலாசிரியர் ஹாதோர்ன் 1855-ல் அந்த ஊருக்குத் தேடிக்கொண்டு போனார். அவர் கண்ணுக்கு அங்கே ஒரு ஞாபகச் சின்னமும் தட்டுப்படவில்லை. பிற்பாடு சந்தை சதுக்கத்தில் சிற்பம் வைத்துவிட்டார்கள்.

1784 ஜூலையில் ஜான்ஸன், டெட்டி அடக்கமாயிருந்த பிராம்லி கோவில் பாதிரியாருக்கு எழுதி, அவள் கல்லறைமேல் கல் பதிக்க அனுமதி கேட்டார். அவள் இறந்து முப்பத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. டிசம்பர் 2-ந் தேதி லிச்பீல்டுக்கு ஒரு கடிதம்: தகப்பனார், தாயார், தம்பி மூவருக்கும் கல் வைக்க வேண்டும், கனமான கல்லாக இருக்க வேண்டும், தாம் உயிரோடு இருக்கும்போதே முடிந்தால் நல்லது, அவசரம் என்று. வாசகமும் எழுதி அனுப்பினார். பதினோரு நாள் கழித்து, 13-ந் தேதி, இறந்துபோனார்.

சொத்தில் பெரும் பகுதியைப் பிரான்ஸிஸ் பார்பருக்கு எழுதி வைத்திருந்தார். வருஷத்துக்கு 70 பவுன் வரும்படி ஏற்பாடு. ஒரு கறுப்பு வேலைக்காரனுக்கா என்று லண்டனில் சில பெரிய மனிதர்களுக்கு ஆத்திரம். மரப் பெட்டியிலிருந்த மோதிரமும் பிரான்ஸிஸ் கைக்கு வந்தது. முறையாகச் சேர வேண்டியது டெட்டியின் மகளுக்கு என்று அவர் அதை அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். பிரான்ஸிஸ் அதற்கு எனாமல் பூசி, எஜமானரின் துக்க மோதிரமாக மாற்றித் தம் மனைவிக்குக் கொடுத்தார்.